பேக்கர் இறக்கும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

எங்கள் ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், ஒரே துளைக்குள் இரண்டு விதமான தண்ணீர் வருகிறது என்பது தெரியாமலே பல வருடம் ஓட்டிவிட்டோம். மேலே வருகிற உப்புத் தண்ணீரைத் தடுக்க, உள்பைப் இறக்கிப் பேக்கர் என்கிற ரப்பர் அடைப்பை வைத்ததில் பட்ட பாடு இது. தோட்டம் திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றை ஒட்டி, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கதை ஊருக்கே தெரியும். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கிறவர்கள்தான் பட்டறை நடத்தலாம் என்று ஆனது. ஆனால் அதற்குள் மண்ணுக்குள் இறங்கிய உப்பு எந்த உத்தரவுக்கும் கட்டுப்படுவதில்லை. மேல் பாறை வெடிப்புகளில் அது இன்னும் இருக்கிறது.

எங்களுடையது 620 அடி ஆழம், 6½ இஞ்ச் போர். மேலே 40 அடிக்கு மட்டும் மண் சரியாமல் காக்கிற கேசிங் பைப், அதற்குக் கீழே வெறும் பாறை. குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் சுமாருக்கு இருந்தது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது, அதை விடுங்கள். தென்னை குருத்து சிறுத்தது, மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பியது, சொட்டுநீர்க் குழாய் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. கணவர் லாரித் தொழிலில் பாதி மாதம் வெளியூரில் இருப்பார். தோட்டம் என் பொறுப்பு. போர் வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "வீட்டுல அண்ணன் இல்லீங்களா?" என்றுதான் பேச்சையே தொடங்குவார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் கொடுக்கப் போவது நான்தான் என்று சொன்ன பிறகு கொஞ்சம் மரியாதை வரும்.

இரண்டு தண்ணீர் இருப்பதற்கான அடையாளம் எங்கள் கண்ணெதிரே இருந்திருக்கிறது. மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் அதிகம் உப்பாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓடினால் கொஞ்சம் தேவலை. கரண்ட் இல்லாமல் சில நாள் மோட்டார் சும்மா கிடந்துவிட்டு ஓடினால் முதல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இன்னொன்று, மோட்டார் ஓடாத நேரத்தில் போர் வாயில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். மாமனார் அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார், ஊற்று வற்றவில்லை என்று. உண்மையில் மேல் வெடிப்பிலிருந்து உப்புத் தண்ணீர் அருவி மாதிரி கீழே விழுந்துகொண்டிருந்தது. கீழ் ஊற்றின் மட்டம் தாழ்ந்து கிடப்பதால், மோட்டார் ஓடாத நேரமெல்லாம் அந்த உப்புத் தண்ணீர் கீழ் வெடிப்புகளுக்குள் புகுந்து அங்கிருக்கும் நல்ல தண்ணீரையும் கெடுத்திருக்கிறது. துளை போட்டு இரண்டையும் இணைத்துவிட்டது நாங்கள்தான், ஆற்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. உங்கள் போரிலும் இந்தச் சத்தம் கேட்டால், மோட்டார் போட்ட முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பாட்டில், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாட்டில் பிடித்து, சட்டைப்பையில் வைக்கிற டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். செலவும் சில நூறு ரூபாய்தான்.

பக்கத்து ஊரில் போர் வேலை எடுக்கிற ஒருவர் வந்தார். "மேல உப்புங்க அக்கா, அடில நல்ல தண்ணி. 120 அடிக்கு உள்பைப் எறக்கி, அடில ரப்பர் பேக்கர் வெச்சு, மேல சிமெண்ட் ஊத்தீட்டா முடிஞ்சுதுங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏன் 120 அடி என்று கேட்டதற்கு, பைப் பத்துப் பத்து அடியாக வரும், பன்னிரண்டு பைப் போதும் என்றார். பாறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. பேக்கர் என்று அவர் கொண்டுவந்தது, 5 இஞ்ச் பிவிசி பைப்பின் அடியில் லாரி டியூபை வெட்டிச் சுற்றி, மேலே சாக்குத் துணியைக் கம்பியால் கட்டிய ஒன்று. பைப் இறங்கியது. மேலிருந்து சிமெண்ட் கரைசல் ஊற்றினார்கள். மூட்டை மூட்டையாகப் போனது, நிரம்பவே இல்லை. "இழுத்துக்குதுங்க" என்றார்கள். எங்கே இழுத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கடனுக்கு ஒரு சின்ன மோட்டாரை வாங்கி இறக்கி ஓட்டினால் சாம்பல் நிறத்தில், கையில் வழுவழுவென்று ஒட்டுகிற தண்ணீர் வந்தது. அது தெளிந்த பிறகு அளந்தால் அதே 2,400. இந்த வேலைக்கு 78,000 ரூபாய். போன் செய்தால் "செட் ஆகட்டுங்க அக்கா" என்று சில வாரம், அப்புறம் போனை எடுப்பதில்லை.

அந்த நாட்களில் எனக்குக் கோபத்தை விட வெட்கம்தான் அதிகம். உறவுக்காரர்கள் முன்னால் "பொம்பள தனியா நின்னு செஞ்சா இப்படித்தான்" என்கிற பார்வை ஒன்று இருக்கும், வாயால் சொல்ல மாட்டார்கள். இராத்திரி படுத்தால் 78,000க்கு என்னென்ன செய்திருக்கலாம் என்று மனது கணக்குப் போடும். கணவர் விட்டுவிடச் சொன்னார். விட்டிருப்பேன், ஆனால் உள்ளே போன பைப் போரின் கழுத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பழைய 6 இஞ்ச் மோட்டார் அதற்குள் இறங்காது என்பதால் அந்தக் கடன் மோட்டாரையே ஓட்டிக்கொண்டிருந்தோம். ஏதாவது செய்தே ஆக வேண்டிய நிலை.

இதற்குப் பிறகுதான் நிலத்தடி நீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு புவியியலாளரை (ஜியாலஜிஸ்ட்) தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "கேமரா விட்டீங்களாம்மா?" இல்லை என்றேன். "அப்ப எதை அடைச்சீங்க?" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை.

பைப்பை வெளியே எடுத்தது தனிப் பாடு. முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் போட்டு இழுத்தார்கள். சிமெண்ட் பைப்பைச் சுற்றி நிற்காமல் கீழே ஓடிப்போயிருந்ததால் வந்தது, ஒழுங்காகப் பிடித்திருந்தால் வந்திருக்காது. ஆனாலும் பாதிப் பைப்பின் மரை உடைந்துபோனது. பிறகு கம்ப்ரஸர் வண்டி வந்து உள்ளே கிடந்த ரப்பர் துண்டையும் சேற்றையும் ஊதி வெளியே தள்ளியது. இதற்கு 30,000. போர் வாய் திறந்து கிடந்த அத்தனை நாளும் இரும்பு மூடி போட்டுப் போல்ட் இறுக்கி வைத்திருந்தேன். 2019இல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை போருக்குள் விழுந்து இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் சோம்பேறித்தனம் காட்டக் கூடாது. வேலைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிற்க வைத்துச் சொன்னேன்.

போருக்குள் கேமராவை இறக்கிப் பார்க்க ஆனது 5,000 ரூபாய். இந்த மொத்தக் கதையிலும் பிரயோஜனமான செலவு அதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதும் அதுதான். திரையில் பார்த்தால் 62 அடியில் ஒரு வெடிப்பு, 105இல் இன்னொன்று, இரண்டிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. 118இல் பாறை நொறுங்கி ஒரு பொந்து மாதிரி இருக்கிறது. லாரி டியூப் போய் நின்ற இடமே கிட்டத்தட்ட அதுதான். ரப்பர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள முழுப் பாறையே இல்லை, சிமெண்ட் ஓடியதும் அந்த வழியாகத்தான். 140க்குக் கீழே 170 வரை கோடு போட்ட மாதிரி வழவழப்பான பாறை. தண்ணீர் மட்டம் 190 அடிக்குக் கீழே. அடியில் சிமெண்ட் குவிந்து போரின் ஆழம் முப்பது அடி குறைந்திருந்தது.

கேமரா எந்த மாதத்தில் விடுகிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் விட்டால் மேல் வெடிப்புகள் காய்ந்து கிடக்கும், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு, கார்த்திகை வாக்கில் பார்த்தால்தான் எது கொட்டுகிறது என்று தெரியும். விடுவதற்கு முன்னால் மோட்டாரை எடுத்துவிட்டு ஒரு நாளாவது தண்ணீரைத் தெளிய விட வேண்டும், இல்லாவிட்டால் மட்டத்துக்குக் கீழே கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியாது. பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கணக்கு திரையில் ஓடுவது முக்கியம்.

அடுத்த கேள்வி, எந்த வெடிப்பில் என்ன தண்ணீர். இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். கயிற்றில் பாட்டிலைக் கட்டி 200 அடியில், 400 அடியில், 580 அடியில் எடுத்துப் பார்த்தால் எங்கேயும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பு. முதலில் வந்த ஆளாக இருந்தால் "அடி வரைக்கும் உப்புங்க" என்று கையை விரித்திருப்பார். காரணம் மேலே சொன்னதுதான்: சும்மா நிற்கிற போரில் மேல் தண்ணீர் கீழே இறங்கி முழுதையும் கலக்கிவிடும். புவியியலாளர் வாய் அகலமான டப்பாவைக் கயிற்றில் கட்டி 70 அடியில் தொங்கவிட்டார். விழுகிற தண்ணீர் அதில் நிறைந்தது. அளந்தால் 4,800. சாயத் தண்ணீரேதான். கீழ் ஊற்றைத் தனியாகப் பார்க்கப் பேக்கர் வேண்டும், ஆனால் நிரந்தரமாக வைப்பது இல்லை, ஊதி வைத்து எடுக்கிற தற்காலிகப் பேக்கர்.

இந்த வகைப் பேக்கர் ஹைட்ரோ ஃப்ராக்சரிங் செய்கிறவர்களிடம் இருக்கும். வற்றிய போரில் ஒரு பேக்கரை இறக்கி வாயை இறுக்கிவிட்டு, கீழே பலத்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி வெடிப்புகளை விரிக்கிற வேலை அது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்கூடப் பழைய கைப்பம்புப் போர்களில் செய்திருக்கிறது. நடுவே ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி உள்ளே கம்பி வலை வைத்த கெட்டி ரப்பர் உறை. மேலிருந்து மெல்லிய குழாய் வழியாக நைட்ரஜனோ தண்ணீரோ ஏற்றினால் ரப்பர் உப்பிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். 150 அடியில் வைத்து ஊதினார்கள். எங்கள் போரில் அந்த இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்ததால் ரப்பரைப் பாறையோடு இறுக்குகிற அழுத்தம் மட்டும் போதுமாக இருந்தது. தண்ணீருக்கு அடியில் வைப்பதாக இருந்தால், பேக்கருக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு பத்து மீட்டர் தண்ணீருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுதலாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது ஊதியதாகவே கணக்கில்லை. பேக்கர் வண்டியோடு வந்த தம்பி என்னைக் கூப்பிட்டு அழுத்த மீட்டரைக் காட்டி, "அக்கா, இந்த முள்ளை மட்டும் பார்த்துட்டே இருங்க, எறங்குச்சுன்னா சொல்லுங்க" என்றான். முள் இறங்கினால் ஒன்று உறை கசிகிறது, இல்லை இணைப்புக் குழாய் கசிகிறது. அசையாமல் நின்றது. வெளியே எடுக்கும்போது காற்றைத் திறந்துவிட்டு ரப்பர் முழுக்கச் சுருங்கும் வரை பொறுமையாக நின்றான். பாதி சுருங்கியதை இழுத்தால் உறை கிழியும், இல்லாவிட்டால் போருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பேக்கரை ஊதிய கொஞ்ச நேரத்தில் அந்த அருவிச் சத்தம் நின்றது. பேக்கர் நடுவிலிருக்கும் குழாய் வழியாகக் கீழேயிருந்து மட்டும் தண்ணீரை எடுத்தார்கள். முதலில் 2,300 காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புவியியலாளர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதுவரைக்கும் உள்ள போன உப்பு வெளிய வரணும்மா" என்றார். சாயங்காலம் வரை ஓட விட்டதில் 1,900, 1,500 என்று இறங்கி, இருட்டும்போது 1,200இல் வந்து நின்றது. நிரந்தர வேலைக்குப் பணம் போடலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு நாள் தீர்மானித்துக் கொடுத்தது. இந்தச் சோதனைக்கு 25,000 ஆனது. அதிகம்தான். ஆனால் கீழே இருப்பதும் உப்பாக இருந்திருந்தால் அதற்குப் பிறகு ஒரு பைசா செலவழிக்காமல் நிறுத்தியிருப்பேன்.

அந்தக் கடைசித் தண்ணீரில் ஒரு கேன் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். ஃப்ளூரைடு பார்ப்பதற்காக. ஆழப் பாறைத் தண்ணீரில் உப்பு குறைந்தாலும் ஃப்ளூரைடு கூடியிருக்க வாய்ப்பு உண்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 கடைசி எல்லை. எங்களுக்கு 1.2 வந்தது. தென்னைக்கும் துணி துவைக்கவும் பயமில்லை. இதே தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் மேல் ஊற்றை அடைக்கவே கூடாது.

நிரந்தர வேலையில் சிமெண்ட் வேண்டாம் என்று புவியியலாளரே சொல்லிவிட்டார். 6½ இஞ்ச் போருக்குள் 5 இஞ்ச் பைப் இறங்கினால், பைப்பின் தடிமன் போகச் சுற்றிலும் அரை இஞ்ச் சந்துதான் கிடைக்கும், அதற்குள் கரைசல் சீராக இறங்கியதா என்று யாராலும் பார்க்க முடியாது. என்றாவது கசிந்தால் பைப்பை உருவி எடுக்கிற மாதிரி இருக்கட்டும் என்றார். கனமான கேசிங் பைப் 155 அடிக்கு. அடி முனையில் கிண்ணம் மாதிரி மேல்நோக்கி விரிந்த ரப்பர் பேக்கர் இரண்டு, நடுவே தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்கிற ரப்பர் வளையம். கிண்ணம் மேலே பார்த்து இருப்பதில்தான் சூட்சுமம்: வெளியே சந்தில் உப்புத் தண்ணீர் ஏற ஏற, அதன் பாரமே ரப்பரின் ஓரத்தைப் பாறையோடு இறுக்கும். தலைகீழாக மாட்டினால் அதே பாரம் அதைச் சுருட்டிவிடும். பைப்பின் பாரத்தைப் பேக்கர் தாங்கக் கூடாது என்று மேல் கேசிங்கில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டார்கள். சந்தில் நூறடி தண்ணீர் நின்றால் மூன்று பார் அழுத்தம் பைப்பை வெளியிலிருந்து நசுக்கும், மெல்லிய பைப் போட்டால் சப்பையாகிவிடும். பைப் விலையில் மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வேலை 66,000.

மோட்டார் செலவை ஆரம்பத்தில் எந்த ஒப்பந்தக்காரரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. உள்பைப் போட்ட பிறகு 6 இஞ்ச் மோட்டார் உள்ளே போகாது, 4 இஞ்ச் வகைதான் போகும். பழையதை விற்றது போக 48,000 ஆனது. உள்பைப் என்ற பேச்சு எடுத்தாலே முதலில் உங்கள் மோட்டாரின் குறுக்களவைப் பாருங்கள். மொத்தத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் 1,08,000 முதல் வேலையைப் போட்டதற்கும் பிடுங்கியதற்கும்.

பேக்கர் பிடித்திருக்கிறதா என்பதை மோட்டார் இறக்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம். மறுநாள் காலையில் இரண்டு பைப்புக்கும் நடுவே சந்தில் ஒயரில் சின்ன இரும்புத் துண்டைக் கட்டி விட்டோம். 55 அடியிலேயே தண்ணீரைத் தொட்டது. உள்பைப்புக்குள் மட்டம் அதே 190க்குக் கீழே, சத்தமே இல்லை. வெளியே உயர்ந்து, உள்ளே தாழ்ந்து நின்றால் இடையில் கசிவு இல்லை என்று அர்த்தம். இரண்டு மட்டமும் ஒன்றாக இருந்தால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இந்தச் சந்தை மேலே முழுக்க மூடாமல், ஒயர் போகிற அளவுக்கு மூடி வைத்த ஓட்டை ஒன்று விடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அளக்கிறேன். மழைக்காலத்தில் சந்து மட்டம் திடீரென்று விழுந்தால் பேக்கர் விட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

டிடிஎஸ் ஒரே நாளில் இறங்கவில்லை. சோதனை முடிந்து வேலை தொடங்குவதற்குள் மறுபடி உப்பு கீழே போயிருந்தது, 2,000க்கு மேலேதான் தொடங்கியது. மூன்றாவது மாதத்தில் 1,150க்கு வந்தது, அதிலேயே நிற்கிறது. தண்ணீர் அளவு குறைந்திருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று சொல்லலாம். முன்பு ஐந்து மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது மூன்றரை மணி நேரத்தில் காற்றை இழுக்க ஆரம்பிக்கிறது. நெல், கரும்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எங்களுக்குத் தென்னையும் மாட்டுத் தீவனமும்தான், போதும்.

இது எல்லாமே கடினப் பாறையில் கேசிங் இல்லாமல் நிற்கிற போருக்குப் பொருந்துகிற விஷயம். வீட்டுப் பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்து, கேசிங் குட்டையாக இருக்கிற நகரத்துப் போர்களிலும் இதே மாதிரி செய்யலாம். நாகப்பட்டினம் பக்கம் மாதிரி மணல் பூமியில் பேக்கர் பிடிக்க ஆதாரமே கிடையாது, அங்கே முறையே வேறு. சில இடத்தில் மேல் தண்ணீர் நல்லதாக இருந்து அடித் தண்ணீர் உப்பாக இருக்கும், அப்போது அடைக்க வேண்டியது கீழே. வேலை எடுப்பவரிடம் எத்தனையாவது அடியில் பேக்கர் உட்காரப் போகிறது, அந்த அடி ஏன் என்று கேளுங்கள். கேமராப் பதிவை நிறுத்தி அந்த இடத்தைக் காட்டிப் பேசினால் மட்டும் முன்பணம் கொடுங்கள். பேக்கர் நின்ற ஆழம், பைப்பின் ரகம், வைத்த அன்று உள்ளேயும் வெளியேயும் இருந்த மட்டம், எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு முதல் வேலைக்கு பில்லே இல்லை, துண்டுச் சீட்டில் 78,000 என்று ஒரு தொகை மட்டும்தான் இருக்கிறது.